சாக்ஸபோனைப் பார்த்து வாய் பிளந்தது போதும்

கர்னாடக சங்கீதம் வாசிக்கும் இளம் சாக்ஸபோன் கலைஞர் ஒருவரைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகக் குறிப்பு எதையாவது எடுத்துப் பாருங்கள். முதல் பத்தியில் ‘மேற்கத்திய வாத்தியம்’ வந்துவிடும். இரண்டாவது பத்தியில் அந்த மேற்கத்திய வாத்தியத்தில் ‘நம் சங்கீதத்தை’ வாசித்துச் ‘சாதித்து’விடுவார். மூன்றாவது பத்தியில் கத்ரி கோபால்நாத் பெயரும் ‘டூயட்’ படமும். அவ்வளவுதான், குறிப்பு முடிந்தது. அன்று மேடையில் என்ன ராகம் எடுத்தார், ஆலாபனையை எப்படி வளர்த்தார், எங்கே மூச்சு பத்தாமல் போனது, எந்தச் சங்கதி புதிதாக இருந்தது என்று ஒரு வரி இருக்காது. பெயருக்கு முன்னால் ‘வளரும்’ என்று ஓர் அடைமொழி மட்டும் இருக்கும். பத்து வருடம் கழித்து இன்னொரு குறிப்பு வரும். அதிலும் ‘வளரும்’.

இந்த வியப்பு மரியாதை மாதிரித் தெரிகிறது. கைதட்டலும் பொன்னாடையும் கூடவே வருவதால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் வியந்து முடித்த கையோடு கேட்பதையும் முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என் புகார். ‘இதுல போய் இதை வாசிக்கிறாரே!’ என்று சொல்லிவிட்டால் போதும், வாசித்தது நன்றாக இருந்ததா என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு இல்லை. ஒரு கலைஞருக்கு இருபது வயதில் கிடைக்கும் இந்தச் சலுகை முப்பது வயதில் அவரை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலும் சரி, சென்னையிலும் சரி, இதைச் செய்வது நாம்தான்.

முதலில் இந்த ‘வெள்ளைக்காரன் வாத்தியம்’ பேச்சைத் தீர்த்துவிடுவோம்.

முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் பக்கவாத்தியம் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். பாடகருக்கு அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் வயலின் கலைஞரைப் பார்த்து, ‘அடேயப்பா, இத்தாலிக்காரன் வாத்தியத்துல சங்கராபரணமா!’ என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி.நடராஜன் வந்தார். மாண்டலினுக்கு யு.ஸ்ரீநிவாஸ் சிறுவனாக வந்து நின்றார். ஆக, வெளியிலிருந்து ஒரு வாத்தியம் வருவது இந்தச் சங்கீதத்துக்குப் பழகிப்போன காரியம்.

நான் இருக்கும் ஆங் மோ கியோவின் பெயருக்குப் பல கதைகள் சொல்வார்கள். ஹொக்கியன் மொழியில் ‘வெள்ளைக்காரன் பாலம்’ என்று பொருள் என்பது அதில் ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊரே பேருந்து ஏறுகிறது. நின்று வியப்பவர் எவரும் இல்லை. பாலத்தின் மேல் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அக்கரைக்குப் போவது எப்போது?

இன்னொன்று. சாக்ஸபோனுக்கு மேற்கில் ராஜ உபசாரம் நடந்தது என்று நாமாக ஒரு கற்பனை வைத்திருக்கிறோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1857 முதல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் ராணுவ இசைக் கலைஞர்களுக்கு அவரே வகுப்பெடுத்தார். 1870இல் அந்த வகுப்பு மூடப்பட்டது. மறுபடி அங்கே ஒரு சாக்ஸபோன் வகுப்பு வந்தது 1942இல், மார்சல் முயூலின் கீழ். இடையில் 72 வருடம். அந்த 72 வருடத்தில் சாக்ஸபோன் ராணுவ பேண்டில் வாழ்ந்தது, நடன அரங்குகளில் வாழ்ந்தது, கடல் தாண்டிப்போய் ஜாஸில் தன் பெரிய வாழ்வைக் கண்டுபிடித்தது. 1934இல் கிளாசுனோவ் அதற்கென ஒரு கான்செர்டோ எழுதினார். ஆனாலும் சிம்பொனி இசைக்குழுக்களில் அதற்கு நிரந்தர நாற்காலி இன்றுவரை கிடையாது. மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் சாக்ஸபோன்காரரிடமும், ‘ஏதாவது ஜாஸ் வாசியேன்’ என்றுதான் கேட்கிறார்கள். அவருக்கு ஜாஸ், நம்மவருக்கு சினிமா. நாம் ‘அவர்களுடைய’ வாத்தியம் என்று மலைத்துப் பார்ப்பதை அவர்களே வாசலில்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இனி கத்ரி கோபால்நாத்துக்கு வருவோம். ஏனென்றால் வளரும் சாக்ஸபோன் கலைஞர்கள் எல்லோர் தலையிலும் நாம் ஏற்றி வைக்கும் கதை அவருடையது. அதையும் நாம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் சொல்லும் கதை இது: தென் கன்னட மாவட்டத்தில் ஒரு சிறுவன். மைசூர் அரண்மனை பேண்டில் பளபளவென்று ஒரு வாத்தியத்தைப் பார்க்கிறான். மயங்குகிறான். ஏறக்குறைய இருபது வருடம் போராடி அதைப் பணியவைக்கிறான். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையேறுகிறான். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் விழாவில் வாசிக்கிறான். அதே வருடம் ‘டூயட்’. 2004இல் பத்மஸ்ரீ.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. 1949இல் சஜிபமூடா கிராமத்தில் பிறந்த அந்தச் சிறுவனின் அப்பா தனியப்பா ஒரு நாதஸ்வரக் கலைஞர். அரண்மனை பேண்டைப் பார்ப்பதற்கு முன்பே அவன் காதில் நாதஸ்வரம் இருந்தது. பிறகு மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் கற்றுக்கொண்டார். அதாவது, சங்கீதம் ஏற்கெனவே உள்ள வீட்டில் வளர்ந்து, முறையான குருமார்களிடம் பாடம் கேட்ட ஒருவர். காட்டில் புலியைப் பிடித்த வீரகதையாக இதைச் சொல்லும்போது, அந்த வீட்டின் நாதஸ்வரம் நம் காதில் விழாமல் போய்விடுகிறது.

அது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் இயந்திரக் கணக்காகப் பார்க்கலாம். பொறியாளன் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரத்தின் உட்குழாய் மேலே குறுகி அடியில் விரியும் கூம்பு. சாக்ஸபோனும் கூம்புதான். இரண்டிலும் ஊதும் அழுத்தத்தை மாற்றினால் ஏறக்குறைய அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி கிடைக்கும். கிளாரினெட்டின் குழாய் உருளை. அதில் மேலே தாவினால் ஸ்தாயியைத் தாண்டி, அதற்கும் மேல் ஒரு பஞ்சமம் தள்ளிப் போய் நிற்கும். இந்த விதத்தில் பார்த்தால் நாதஸ்வரத்துக்கு நெருங்கிய சொந்தம் பித்தளைச் சாக்ஸபோன்தான், கருப்பு மரக் கிளாரினெட் இல்லை.

வித்தியாசம் வருவது விரலுக்கும் துளைக்கும் நடுவில். நாதஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் இருக்கிறது. பாதி மூடலாம், மெல்ல வழுக்கலாம். சாக்ஸபோனில் இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள். விரல் சாவியைத் தொடும், சாவி நெம்புகோலை அசைக்கும், நெம்புகோல் எங்கோ தூரத்தில் ஒரு மெத்தை மூடியைத் திறக்கும். திறந்தால் ஒரு சுரம், மூடினால் ஒரு சுரம். இடைவெளியே வேண்டாம் என்று வடிவமைக்கப்பட்ட எந்திரம் அது. நம் சங்கீதமோ அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். சாவியில் அந்த ஆட்டம் இல்லை. உதடும் தாடையும் தொண்டையும் மூச்சும் சேர்ந்துதான் அதை உண்டாக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். உதட்டைத் தளர்த்தினால் சுரம் தாராளமாகக் கீழே இறங்கும். இறுக்கி மேலே ஏற்ற இடம் மிகவும் குறைவு. அதனால் எந்தச் சுரத்தை மேலிருந்து பிடித்து இறக்குவது, எதை விரலாலேயே தாண்டுவது என்று ராகத்துக்கு ராகம் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கோபால்நாத் தன் வாத்தியத்தின் சாவி அமைப்பிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார். அந்த இருபது வருட உழைப்பின் உள்ளடக்கம் இதுதான். நாதஸ்வரத்தில் கேட்டு வளர்ந்த கமகத்தை, அதற்காகச் செய்யப்படாத ஓர் எந்திரத்தின் வழியே திரும்பத் திரும்பத் தேடியது.

இந்த உழைப்பைப் பேச ஆரம்பித்தால் வியப்பு மாதிரி அது எளிதாக முடிந்துவிடாது. இன்ன ராகத்தில் இது பிடிபட்டது, இன்ன ராகத்தில் பிடிபடவில்லை என்று சொல்ல வேண்டிவரும். கோபால்நாத் எதை விட்டுவிட்டுப் போனார், அடுத்தவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்றெல்லாம் யோசிக்க வேண்டிவரும். நாம் யோசிக்கவில்லை. ‘சாக்ஸபோன் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

சரி, பட்டம் கொடுத்த உலகம் அவரை எங்கே உட்கார வைத்தது? அவருடைய குரு டி.வி.கோபாலகிருஷ்ணனுக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 2014இல் கிடைத்தது. அவரோடு பல வருடங்கள் வயலின் வாசித்த ஏ.கன்யாகுமரிக்கு 2016இல். இருவரும் முழுத் தகுதியோடு பெற்றார்கள், அதில் மறுபேச்சில்லை. நடுவில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசித்தவர் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார், அந்த விருது இல்லாமலே. விருது ஓர் அளவுகோலா என்று கேட்பீர்கள். நல்ல இசைக்கு அது அளவுகோல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சபை யாரைத் தன் வீட்டு ஆளாக எண்ணுகிறது, யாரை விருந்தாளியாக எண்ணுகிறது என்பதற்கு அது அளவுகோல்தான். ‘கிளாரினெட்டுக்குக் கொடுத்தார்களே’ என்றால், ஆமாம், ஏ.கே.சி.நடராஜனுக்கு 2008இல் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 77 வயது. வியப்பு தீர்ந்து மதிப்பு தொடங்க அவ்வளவு காலம் ஆகிறது. அதுவரைக்கும் காத்திருக்க எல்லோருக்கும் ஆயுள் அமைவதில்லை.

அடுத்து ‘டூயட்’. கே.பாலசந்தர் படம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, திரையில் பிரபு கையில் சாக்ஸபோன், ஒலியில் கோபால்நாத். அந்தப் படம் செய்த நன்மையை மறுக்க முடியாது. சபா வாசலை மிதிக்காத பல லட்சம் தமிழர்களின் காதில் அந்த ஓசை போய்ச் சேர்ந்தது. பிரச்சினை அதற்குப் பிறகு. படம் வந்து முப்பது வருடம் கடந்துவிட்டது. இன்றும் தமிழ்க் கூட்டத்தில் ஒருவர் சாக்ஸபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தால், அதைக் கழுத்தில் மாட்டும் முன்பே, ‘தம்பி, அந்த டூயட் பாட்டு வருமா?’ என்று ஒரு குரல் வருகிறது.

சினிமாப் பாட்டு வாசித்தால் கௌரவக் குறைச்சல் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற சபா மூக்குகளோடு எனக்கு வேறு சண்டை இருக்கிறது. காருகுறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்கு நாதஸ்வரம் வாசித்தார். அதனால் அவர் குறைந்துபோனாரா? இல்லை. ஏனென்றால் அவருக்குப் போவதற்கு வேறு இடங்கள் இருந்தன. ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கக் கோயில் திருவிழா இருந்தது. உட்கார்ந்து கேட்கவும், கேட்டுவிட்டு மறுநாள் டீக்கடையில் குறை சொல்லவும் ஊர் இருந்தது. சினிமா அவர் வீட்டின் ஓர் அறை. சாக்ஸபோன் வாசிக்கும் பிள்ளைக்கு நாம் கட்டிக் கொடுத்திருக்கும் வீட்டில் அந்த ஓர் அறை மட்டும்தான் இருக்கிறது.

வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்குக் கோபால்நாத்தின் சொந்த ஊர்ப் பக்கமே சாட்சி. துளு நாட்டில் சாக்ஸபோன் இன்று கோயிலிலும் கல்யாணத்திலும் பூத கோலா சடங்கிலும் சர்வ சாதாரணமாக ஒலிக்கிறது. நாதஸ்வரம் நின்ற இடத்தில் அது போய் நிற்கிறது. அங்கே அதைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. அதனால்தான், இவரைவிட அவர் நன்றாக வாசிப்பார் என்று சொல்கிற காதுகள் அங்கே இருக்கின்றன. ஒரு வாத்தியம் சகஜமாகும் இடத்தில்தான் வாசிப்பவர்களுக்கு இடையில் தரம் பிரிக்க முடியும். எல்லாமே அதிசயம் என்றால் எல்லோரும் ஒன்றுதான்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். இந்த விஷயத்தில் நமக்கு இருக்கும் வசதி தமிழ்நாட்டில்கூடக் கிடையாது. நம்முடைய பல உயர்நிலைப் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக பேண்ட் இருக்கிறது. பேண்டில் ஆல்டோ, டெனர், பாரிடோன் என்று சாக்ஸபோன் வரிசை இருக்கிறது. பதின்மூன்று வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று, காசு கொடுத்து வாங்காமலே, பள்ளி தரும் வாத்தியத்தில் மூச்சுப் பயிற்சியும் சுரக்குறிப்பு வாசிப்பும் கற்றுக்கொள்ளலாம். இளையர் விழா வரும் ஆண்டென்றால் ஒன்றிரண்டு உருப்படிகளை மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வாசிப்பார்கள். இளையர் விழா முடியும், சான்றிதழ் வரும். நான்கு வருடத்தில் பள்ளி முடியும். வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி.

அப்படித் திருப்பிக் கொடுத்த பிறகும் விடாத ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்குத்தான். ஆங் மோ கியோவில் நான்கறை வீடு. அப்பா அம்மாவைக் கெஞ்சி ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவழித்து ஆரம்பநிலை ஆல்டோ ஒன்று வாங்கியாயிற்று. கர்னாடக சங்கீதம் கற்க வேண்டும். குரு சென்னையிலோ மங்களூரிலோ இருக்கிறார், இணையத்தில் வகுப்பு. தன் மற்ற வேலைகளை முடித்து அவர் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இங்கே மணி பத்தரை. அந்நேரத்துக்கு வீவக வீட்டில் சாக்ஸபோனை எடுத்து ஊதினால் கீழ்வீட்டு ஆன்ட்டி மாடியேறி வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, காலையில் அவருக்கும் வேலை இருக்கிறது. பகலில் வகுப்பு கிடைத்தாலும், இணைய ஒலி கொஞ்சம் தாமதமாக வருவதால் குருவோடு சேர்ந்து தாளத்தில் வாசிக்க வழியில்லை. குரு வாசிப்பார், நிறுத்துவார். பிள்ளை வாசிக்கும், நிறுத்தும். சேர்ந்து வாசிக்கும்போது மட்டுமே கைக்கு வரும் சில விஷயங்கள் வராமலே இருக்கும். ஆண் பிள்ளை என்றால், உதடு பக்குவமாகும் வயதில் இரண்டு வருடம் தேசிய சேவை. இவ்வளவையும் தாண்டி ஒரு பிள்ளை இருபத்தொரு வயதில் ஒரு தோடி ஆலாபனையைத் தயார் செய்கிறது என்று வையுங்கள்.

நாம் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம். இரண்டு நடனங்களுக்கு நடுவில், உடை மாற்றும் நேரத்தை நிரப்ப. பக்கவாத்தியம் கிடையாது, கரோக்கே டிராக் உண்டு. அறிவிப்பாளர் ‘மேற்கத்திய வாத்தியத்தில் நம் பாரம்பரியம்’ என்று ஆரம்பிப்பார். முடிந்ததும் தொண்டூழியர் ஒருவர் பாராட்டிவிட்டு, அக்கா கல்யாண வரவேற்புக்கு வர முடியுமா என்று கேட்பார். சிராங்கூன் ரோடு பி.ஜி.பி. மண்டபத்திலோ ஏதாவது ஹோட்டலிலோ, விருந்தினர் சாப்பிடும் நேரத்தில் இரண்டு மணி நேரம், முழுக்க முழுக்கச் சினிமாப் பாட்டு. அதற்குக் கை நிறைய வெள்ளி கிடைக்கும். தோடிக்குப் போக்குவரத்துச் செலவுகூடக் கிடைக்காது. நான்கு வருடத்தில் உதடு எதற்குப் பழகுமோ அதற்குத்தான் பழகும். தோடியின் காந்தாரத்தை யாரும் கேட்கவில்லை என்றால் எதற்காக அதைத் தினமும் இரண்டு மணி நேரம் தேட வேண்டும்?

இப்படித்தான் ‘வளரும்’ கலைஞர் வளராமல் இருக்கிறார். சோம்பேறித்தனம், திறமைக் குறைவு என்று அவர் மேல் பழி போடுவது சுலபம். கேட்டு வாங்குகிறவர்கள் இல்லாத ஒரு பொருளைச் சொந்தச் செலவில் எத்தனை வருடம் ஒருவர் தயாரிக்க முடியும் என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இதற்கு இரண்டு பதில்கள் வரும் என்று தெரியும்.

ஒன்று: ‘வியப்புதானே வாசல்? முதலில் வியந்தால்தானே உள்ளே வருவார்கள்?’ உண்மைதான். கோபால்நாத்தே வியந்துதான் உள்ளே வந்தார். ஆனால் மைசூர் அரண்மனையில் அவர் பட்ட வியப்பு இருபது வருட வேலையாக மாறியது. நம்முடைய வியப்பு என்னவாக மாறியிருக்கிறது? முப்பது வினாடிக் காணொளியாக. அதை நூறு பேருக்கு அனுப்புகிறோம், மூன்று தீக்குறி போடுகிறோம். ஆலாபனை முப்பது வினாடியில் தொடங்கக்கூடச் செய்யாது. முப்பது வருடமாக வாசலிலேயே நின்று ‘ஆகா, என்ன வாசல்!’ என்று சொல்லிக்கொண்டிருப்பவரை ரசிகர் என்று எப்படி அழைப்பது?

இரண்டு: ‘சிங்கப்பூர் சின்ன ஊர். கர்னாடக சங்கீதம் கேட்பதே கொஞ்சம் பேர். அதில் சாக்ஸபோன் வேறயா?’ இந்த வாதத்தை எண்ணிக்கை வாதம் என்று வைத்துக்கொண்டால், இந்த இதழே நடக்கக் கூடாது. தமிழில் கவிதை விமர்சனம் படிப்பவர்கள் எத்தனை பேர்? அந்தச் சிலருக்காக எழுதுகிறோம், சண்டை போடுகிறோம், ஒரு சொல்லுக்காக நட்பு முறிகிறது. சில நூறு பேர் கூர்மையாக இருந்தால் ஒரு கலை பிழைத்துக்கொள்ளும் என்று இலக்கியத்தில் நமக்கு நன்றாகவே தெரியும். இசைக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போகிறது?

உண்மையில் இந்தக் கட்டுரையை நான் எழுத வந்ததே சபாக்காரர்களுக்காக இல்லை, நமக்காகத்தான். இலக்கிய வாசகர்களாகிய நாம் இந்த விஷயத்தில் அதிகம் தப்பு செய்கிறவர்கள். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு, ‘இவர் பொறியியல் படித்தவர், ஆனாலும் தமிழில் கதை எழுதுகிறார்’ என்று யாராவது மதிப்புரை எழுதினால் சும்மா விடுவோமா? என் போன்றவர்கள் எழுதுவதற்கு அந்த வரி இன்றும் வரத்தான் செய்கிறது. அதைப் படிக்கும்போது வரும் எரிச்சல் எனக்குத் தெரியும். கதையைப் படித்தாயா இல்லையா, அதைச் சொல் முதலில். அதே நாம், ஒரு சாக்ஸபோன் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, ‘மேற்கத்திய வாத்தியத்தில் மெய்மறக்கச் செய்தார்’ என்று முகநூலில் எழுதுகிறோம். நாவலில் கதைசொல்லியின் குரல் எங்கே பிசிறுகிறது என்று பத்துப் பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, ஆலாபனை எங்கே வழி தவறியது என்று நான்கு வரி எழுத வராதா? வரவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம். நாவல் படிக்கவும் பிறவியிலேயே தெரிந்திருக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நான்கு சின்ன விஷயங்கள் இருக்கின்றன.

விழா நடத்துபவர்களுக்கு: ஐந்து நிமிடம் வேண்டாம், தொண்ணூறு நிமிடம் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும். வயலினும் மிருதங்கமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள். கரோக்கே டிராக்குக்கு ராகம் தெரியாது. ஒரு பெரிய ராகம், ஒரு தனி ஆவர்த்தனம், முடிந்தால் ஒரு பல்லவி. வாசிப்பவர் தடுமாறட்டும். அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுங்கள்.

பெற்றோருக்கும் பள்ளி பேண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும்: வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னால், கோபால்நாத்தின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை முழுதாகக் கேளுங்கள். நியூயார்க்கில் ஜாஸ் வாசிக்கும் ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு சேர்ந்து செய்து 2008இல் வெளிவந்த ‘கின்ஸ்மென்’ தொகுப்பைக் கேளுங்கள். தலைப்புக்குப் பொருள் ‘உறவினர்கள்’. பேண்டில் கற்ற விரலுக்கும் வீட்டில் கேட்கும் ராகத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று அதில் தெரியும். கோபால்நாத்தின் சீடர் எம்.எஸ்.லாவண்யாவையும் கேளுங்கள். ‘ஒரு பெண் சாக்ஸபோன் வாசிக்கிறாரே’ என்ற இரண்டாவது வியப்பையும் சேர்த்துச் சுமப்பவர் அவர். அந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு வாசிப்பை மட்டும் கேட்க முடிகிறதா என்று உங்களையே சோதித்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு: சினிமாப் பாட்டு தாராளமாகக் கேளுங்கள், காசும் நன்றாகக் கொடுங்கள். ஆனால் முதல் இருபது நிமிடத்தை வாசிப்பவரிடமே விட்டுவிடுங்கள். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரிடம் ‘இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு’ என்று பட்டியல் நீட்டாத காலம் ஒன்று இருந்தது.

கடைசியாக, எழுதுகிற நமக்கு. ஒரு வருடத்துக்கு, சாக்ஸபோன் பற்றி எழுதும்போது ‘மேற்கத்திய’, ‘அந்நிய’, ‘சவாலான’, ‘சாதித்தார்’ என்ற நான்கு சொற்களையும் தொடாமல் எழுதிப் பார்ப்போம். ‘டூயட்’டையும்தான். முதல் முறை எழுத ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பரவாயில்லை. அடுத்த முறை கச்சேரியில் இன்னும் கொஞ்சம் கவனமாக உட்கார்ந்திருப்போம், எழுத வேண்டுமே என்ற பயத்திலாவது. பிறகு ஒருநாள் யாராவது ஓர் இளம் கலைஞரைப் பற்றி, ‘நேற்று தோடி எடுத்தார், காந்தாரம் சரியாக ஆடவில்லை, நிரவல் நன்றாக இருந்தது, மறுபடி கேட்க வேண்டும்’ என்று எழுதுவோம். அவருக்குக் கோபம் வரலாம். ஆனால் தன்னை யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். மறுநாள் காலை அவர் அந்தக் காந்தாரத்தைத் தேட உட்காருவதற்கு அது போதும்.